கண் கரிக்காத காற்று

மூன்று முயல்கள் தனித்தனிக் கூண்டுக்குள் கீரை கொறித்துக்கொண்டிருந்தன. அவற்றைச் சுற்றி நின்று, எதை வறுப்பது, எதைக் குழம்பு வைப்பது என்று பேசிக்கொண்டிருந்த தன் ஆட்களைப் பார்க்கப் பார்க்கச் சன்னாசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“செத்ததத்தான் குடுப்பாங்களாம். வெசப் பொகையில செத்தத திங்கலாமா அண்ணே?” என்று கேட்டான் பத்துமலை.

“நல்லாக் கழுவிட்டுத் தின்னா தாப்பாலா, ஒண்ணும் ஆவாது,” என்றான் ராஜு. “நம்ம நெஞ்சுக்குள்ள இல்லாத பொகையா அதுக்குள்ள இருக்கப்போவுது?”

எல்லாரும் சிரித்தார்கள். சன்னாசி மட்டும் சிரிக்கவில்லை.

ஜெலாப்பாங்கில் இருந்த எண்ணெய் டெப்போவின் தீயணைப்புப் படைக்கு அவன் மண்டோர் என்கிற மேஸ்திரி. படை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஆறு பேர். ஆறு பேரும் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது மூட்டை முடிச்சோடு ஈப்போ பக்கம் வந்து, கிடைத்த வேலையில் ஒட்டிக்கொண்டவர்கள். அந்த ஆறு பேருக்கும் சேர்த்து, முதுகில் மாட்டும் காற்றுப் பாட்டில் இரண்டே இரண்டு. மற்ற நாலு பேரும் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நெருப்புக்குள் போக வேண்டும். இன்னும் நாலு பாட்டில் வேண்டுமென்று சன்னாசி மேனேஜர் கார்த்திகேசுவிடம் கேட்காத மாதமில்லை. “பார்ப்பம்” என்று கார்த்திகேசு சொல்லாத மாதமுமில்லை.

இன்றைக்குத்தான் அது பார்க்கப்படப் போகிறது.

கம்பெனி கோலாலம்பூரிலிருந்து டாக்டர் நவமணி என்ற பெண்மணியை வரவழைத்திருந்தது. வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, புகையைக் கணக்குப் போடுகிற டாக்டர். எண்ணெய் எரிந்தால் புகை எவ்வளவு உயரம் ஏறும், காற்று எந்தப் பக்கம் தள்ளும், எங்கே இறங்கும், அதில் என்ன விஷம் எவ்வளவு இருக்கும் என்றெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு எடுத்துவிடுவார். அது எண்பத்தொன்றாம் வருஷம். டெப்போவைச் சுற்றி வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. தீப்பிடித்தாலும் புகை வீடுகளுக்கு வராது என்று காட்ட வேண்டிய அவசரம் கம்பெனிக்கு.

அவர் டெப்போவுக்கு வந்து, புகை இறங்கும் இடங்களைக் குறித்த படத்தை மேசையில் விரித்தபோது, சன்னாசி எட்டிப் பார்த்துக் கேட்டான்.

“இதுல நாங்க எங்க டாக்டரம்மா இருக்கோம்?”

அவர் படத்தைப் பார்த்தார். வீடுகள் இருந்தன, பள்ளிக்கூடம் இருந்தது, மெயின்ரோடு இருந்தது. நெருப்புக்கு முன்னால் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளுக்கு அதில் இடமில்லை.

“நீங்க இதுல இல்ல,” என்றார் ஒளிக்காமல். “வேலிக்கு வெளியிலேர்ந்துதான் கணக்கே ஆரம்பிக்குது. உங்களுக்கு என்னாகும்னு தெரியணும்னா நெசமா எரிச்சுத்தான் அளக்கணும்.”

“அப்ப எரிங்க,” என்றான் சன்னாசி. “ஆறு பேருக்கும் பாட்டில் வேணுமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க.”

எரிக்க இடம் கிடைத்தது ஏழாங்கட்டைத் தோட்டத்தில். தோட்டம் என்ற பேர்தான் மிச்சம்; மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளி, ஆள் உயரத்துக்கு லாலான் புல் மண்டிக் கிடந்தது. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட செங்கல் கட்டடம் மட்டும் இடிக்கப்படாமல் நின்றது. புகைக்கொட்டாய் என்பார்கள். அதன் பின்பக்கம், தரையோடு தரையாக, விறகு தள்ளுகிற அடுப்பு வாய் உண்டு. ராஜுவின் அப்பா அந்த வாயில் விறகு தள்ளியே செத்தவர். கார்த்திகேசுவின் அப்பா இதே தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். இந்தப் பக்கம் வந்தால் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொள்வாராம்.

புகைக்கொட்டாய் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஷீட்டைத் திருப்பிப் போட உள்ளே போகுமுன் தலையை மட்டும் நீட்டி, கண்ணை அகலத் திறந்து வைத்துப் பார்ப்பார்கள். கண் கரித்தால் காத்திருப்பார்கள், கரிக்காவிட்டால் போவார்கள். அந்த வழக்கத்தை இவர்கள் டெப்போவுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். தீயை அணைத்ததும் ஒருவன் தலையை நீட்டுவான். “கரிக்கல” என்பான். உடனே மற்றவர்கள் துண்டை அவிழ்த்து எறிந்துவிட்டு உள்ளே நுழைவார்கள். சன்னாசியும் அப்படித்தான் நுழைந்துகொண்டிருந்தான், நவமணி வந்து சொல்லும்வரை.

எரிப்பதற்கு முன் அவர் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார்.

“கரும்புகை இருமல் குடுக்கும், கண்ணக் கரிக்கும். அதுவே உங்கள வெளிய வெரட்டிடும். இன்னொண்ணு இருக்கு. அதுக்கு நெறம் இல்ல, வாடை இல்ல, கரிக்காது. தீ அணைஞ்சு, கங்கு உள்ளுக்குள்ளயே புழுங்கும்போதுதான் அது ஜாஸ்தி. என் கண்ணாடிக் குழாயில காத்த இழுத்துப் பார்த்துட்டு நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் உள்ள போகக் கூடாது.”

தோட்டத்து டிரசர் மாத்திரை கொடுக்கும்போது தலையாட்டுவதுபோல எல்லாரும் தலையாட்டினார்கள்.

உள்ளே பெரிய தகரத் தொட்டியில் டீசல் ஊற்றியாகிவிட்டது. எந்த உயரத்தில் விஷம் எவ்வளவு என்று பார்க்க, முயல் கூண்டுகளில் ஒன்றைத் தரையிலும், ஒன்றை நெஞ்சு உயரத்திலும், ஒன்றைக் கூரைக்குக் கீழேயும் கட்டியாகிவிட்டது. சன்னாசியும் பத்துமலையும் பாட்டில் மாட்டிக்கொண்டு போய் அணைப்பதாக ஏற்பாடு. அந்த நேரத்தில் கார்த்திகேசுவின் காடி வந்து நின்றது. கம்பெனிப் பெரியவர்கள் மூன்று பேர் கூட இறங்கினார்கள். ஒருவர் கழுத்தில் காமிரா.

தீ வைத்தார்கள். கூரை இடுக்குகளிலிருந்து கருப்புப் புகை பிதுங்கிக்கொண்டு வந்தது. சன்னாசி முகமூடியை இழுத்துக் கட்டும்போது கார்த்திகேசு பெரியவர்களிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுத் திரும்பினார்.

“பாட்டில் இல்லாமல் போறதுக்கு ஒருத்தனும் இல்லையோ? என்ன ராஜு, உன்ர தகப்பன் இதுக்குள்ளதானே கிடந்தவர்? அவருக்கு ஆர் பாட்டில் குடுத்தது?”

அவ்வளவுதான். ராஜுவுக்கு அது போதும்.

“டேய், நில்லுடா!” என்று சன்னாசி முகமூடிக்குள்ளிருந்து கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. ராஜு துண்டைத் தண்ணீரில் முக்கி மூக்கில் கட்டினான். குழாயை இடுக்கிக்கொண்டு தரையோடு தரையாகத் தவழ்ந்து உள்ளே போய்விட்டான். சன்னாசியும் பத்துமலையும் பின்னாலேயே ஓடினார்கள். மூன்று பேரும் நுரையடித்துத் தீயை அமுக்கிவிட்டு வெளியே வந்தபோது ராஜுவின் கையில் கீழ்க்கூண்டு இருந்தது. அதில் முயல் உயிரோடு மூக்கை ஆட்டிக்கொண்டிருந்தது.

பெரியவர்கள் கைதட்டினார்கள். காமிரா மின்னியது. ராஜு கருப்பாக ஒரு உருண்டைச் சளியைத் துப்பிவிட்டுப் பல்லைக் காட்டினான்.

“பார்த்தியளோ?” என்றார் கார்த்திகேசு. “இவங்களுக்கு இது பழகினது. முயலே சாகேல்லை.”

சன்னாசி முகமூடியைக் கழற்றிய வேகத்தில் ராஜுவின் சட்டையைப் பிடித்தான்.

“மடப்பயலே! நான் நாய் மாதிரி அந்த ஆளு பின்னாடி அலைஞ்சு நாலு பாட்டில் கேட்டுக்கிட்டு இருக்கேன். நீ என்னடான்னா ஒண்ணுமே வேணாம்னு ஆடிக் காட்டிட்டு வர்ற!”

“விடு மச்சான், அந்த ஆளு எங்கப்பன இழுத்தான்லா...”

“இழுத்தா? உன்னய உள்ள அனுப்பத்தாண்டா இழுத்தான்!”

ராஜு சன்னாசியின் பெண்டாட்டி செல்லாயிக்குத் தம்பி. முப்பது வயசாகியும் கோபித்துக்கொள்ளத் தெரியாதவன். சட்டையை நீவி விட்டுக்கொண்டு, சிரித்தபடியே பின்பக்கம் போனான். சன்னாசி போக விட்டான். போய்த் தண்ணீர் குடிப்பான் என்று நினைத்தான்.

கொட்டாய்க் கதவு திறந்து கிடந்தது. கரும்புகை போய்விட்டது, உள்ளே எதிர்ச் சுவர்கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் தரைக்குக் கீழே ஓடும் பழைய புகைக்கால்வாயில் வருஷக் கணக்காகப் படிந்த தாரும் கரியும் கங்கு பிடித்து, வெளியே தெரியாமல் புழுங்கிக்கொண்டிருந்தது. நவமணி கண்ணாடிக் குழாய்களை மூங்கிலில் கட்டிக்கொண்டிருந்தார். அப்போது பின்பக்கமிருந்து ராஜுவின் குரல் உற்சாகமாகக் கேட்டது.

“கரிக்கலலா மச்சான்! ரெண்டு மொயலயும் எடுத்தாந்துர்றேன்!”

“போகாத!” என்று நவமணி அலறினார்.

சன்னாசி பின்பக்கம் ஓடினான். அடுப்பு வாய் வழியே ராஜுவின் கால் செருப்பு உள்ளே போய் மறைந்தது. கூப்பிட்டான். பதிலில்லை. முன்பக்கம் ஓடி வந்து, பாதிக் காற்று இருந்த பாட்டிலை மாட்டிக்கொண்டு கதவு வழியாகப் பாய்ந்தான். ராஜு நெஞ்சுயரக் கூண்டுக்கு நேர் கீழே, தூங்குகிறவன்போல ஒருக்களித்துக் கிடந்தான். இருமவில்லை, திணறவில்லை. காலரைப் பிடித்து இழுத்து வரும்போது பாட்டில் விசிலடிக்க ஆரம்பித்தது. காற்று தீரப்போகிறது, வெளியே வா என்று சொல்லும் விசில். படையில் சேர்ந்த முதல் நாளே காதில் ஏற்றிவிடுவது அது. துண்டு கட்டிப் போகிறவனுக்கு எந்த விசிலும் கிடையாது.

புல்லில் கிடத்தினார்கள். ராஜுவின் உதடு வெற்றிலை போட்டதுபோலச் சிவந்திருந்தது.

“முகத்தில ரத்த ஓட்டம் நல்லா இருக்குது,” என்றார் கார்த்திகேசு. “சும்மா மயக்கம்.”

“அந்தச் செவப்புதான் விஷம்!” என்று அவரைத் தள்ளிவிட்டு மண்டியிட்டார் நவமணி. “காடிய எடுங்க! ஆஸ்பத்திரிக்கு ஓட்டுங்க!”

கார்த்திகேசு தன் காடியின் சீட்டைப் பார்த்தார், ராஜுவின் கரி உடம்பைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையைச் சன்னாசி மறக்கவில்லை. பத்துமலை தண்ணீர் லாரியைக் கிளப்பிவிட்டான். அதில்தான் போனார்கள்.

ராஜு பிழைத்துக்கொண்டான். சில நாளில் நடந்தே வீட்டுக்கு வந்தான். “மொயலு ரெண்டும் என்னாச்சு?” என்றுதான் முதலில் கேட்டான். செல்லாயி சிரித்துக்கொண்டே அழுதாள்.

நவமணி கார்த்திகேசுவின் அறையில் சன்னாசியையும் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்: ஆறு பேருக்கு ஆறு பாட்டில். கார்த்திகேசு சாய்ந்து உட்கார்ந்தார்.

“டொக்டர், நாங்கள் உங்களைக் கூப்பிட்டது வீடுகளுக்குப் புகை வருமோ எண்டு பார்க்கத்தான். வராது எண்டு சொல்லிப்போட்டீர்கள், நன்றி. இவனுகளின்ர விசயம்... ஆர் செத்தது? அவன் எழும்பி நடந்து திரியிறான்.”

“செத்தாத்தான் பாட்டிலா ஐயா?” என்றான் சன்னாசி.

“நீ மண்டோர்தானே? உன்ர ஆளை உள்ள விட்டது நீதானே?”

வெளியே வந்ததும் நவமணி சன்னாசியிடம் தணிந்த குரலில் சொன்னார். “சில பேருக்குக் கொஞ்சம் கழிச்சுத்தான் காட்டும், மூளையில. பார்த்துக்கிட்டே இருங்க. நான் மேலிடத்துல பேசறேன்.” பேசினாரோ என்னவோ, பாட்டில் வரவில்லை.

காட்டியது. அவர்கள் குடியிருந்த சிலிபினில், ஹுசைன் கடையில்தான் முதலில் தெரிந்தது. சாப்பாட்டுக் கடைக்காரர் ஹுசைன், சன்னாசியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“சன்னாசி, மச்சினன் என்னா செய்றாருன்னு பாருங்க. டீ கேட்டாரு, குடுத்தேன். குடிக்கல. மறுபடி டீ கேட்டாரு. இப்ப மூணு டீ முன்னால இருக்கு, இன்னும் டீ வரலேன்னு என் பயலத் திட்றாரு.”

ராஜு மூன்று கண்ணாடித் தம்ளர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். “வா மச்சான்,” என்றான். “இந்தக் கடையில கவனிப்பே இல்லலா.”

பிறகு சட்டைப் பொத்தான் போடத் தெரியாமல் போனது. பிறகு கக்கூசுக்குப் போகும் வழி. தன் வீட்டுக் குழாயடியில் நின்றுகொண்டு, எதைத் திருகினால் தண்ணீர் வருமென்று தெரியாமல் அழுதான், ஊர் நெருப்புக்கெல்லாம் தண்ணீர் அடித்தவன். டெப்போவில் வேலையை விட்டு நிறுத்தினார்கள். தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்ட செல்லாயி, ஒருநாள் அவனுக்குச் சோறு ஊட்டிவிட்டுக் கை கழுவும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

“நீ பாட்டில மாட்டிக்கிட்டு நின்ன. எந்தம்பி துண்டக் கட்டிக்கிட்டுப் போனான். நீதான அங்க பெரியவரு?”

சன்னாசி ராஜுவின் வாயைத் துடைத்துவிட்டான். அதற்குப் பிறகு கார்த்திகேசுவைப் பார்க்கும்போதெல்லாம் அவன் கை தானாக மூடிக்கொண்டது.

மழைக்காலம் பிறந்த ஒரு மத்தியானம் டெப்போவில் எண்ணெய் டிரம் கொட்டகை பற்றிக்கொண்டது. சைரன் சிலிபின் வரை கேட்டது. சன்னாசி ஆட்களைக் காற்று வருகிற பக்கம் நிறுத்தினான். “எவனும் என்னத் தாண்டி ஒரு அடி வைக்கக் கூடாது. வெளியிலேர்ந்தே அடிங்க. டாங்கியக் குளிர வைங்க, கொட்டாய் போனாப் போவட்டும்.” அடித்தார்கள். டாங்கிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நுரை ஏறி ஏறிக் கொட்டகைத் தீயும் படுத்தது. கரும்புகை வெளுத்து, மெலிந்து, இல்லாமல் போனது. உள்ளே கருகிய மரமும் ரப்பர் குழாய்ச் சுருள்களும் கங்காகக் கிடந்தன.

கார்த்திகேசு சட்டையெல்லாம் கரியோடு ஓடி வந்தார்.

“உள்ள புது எஞ்சின் இருக்குது! பின்சுவரோட நிக்குது, இன்னும் நெருப்புப் பிடிக்கேல்லை. போய் இழுத்துக்கொண்டு வாங்கோ!”

“கொஞ்சம் பொறுக்கணும் ஐயா. காத்து ஓடட்டும்.”

“காத்தோ? புகையே இல்லையே!” கார்த்திகேசு கொட்டகை வாசலுக்கு ஒரு அடி முன்னால் போய்த் தலையை நீட்டினார். கண்ணை அகல விரித்தார். “பார், கண் கரிக்கேல்லை! நீங்கள் சொல்றதுதானே? கரிக்காட்டிப் போகலாம் எண்டு? போங்கோடா!”

படை அசையவில்லை. பத்துமலை தரையைப் பார்த்தான்.

சன்னாசிக்குள் இத்தனை மாதம் அடைத்துக்கிடந்தது திறந்துகொண்டது.

“கரிக்கலேன்னா நீங்க போங்க ஐயா.”

“என்னடா சொன்னாய்?”

“நீங்க போங்க! ஒங்க எஞ்சினு, ஒங்க கம்பெனி, ஒங்க கண்ணு. கரிக்கலல்ல? போயி இழுத்துக்கிட்டு வாங்க. எங்காளு ஒருத்தன் கரிக்கலேன்னு போனான், இன்னிக்கு அவனுக்கு எங்க ஒண்ணுக்குப் போறதுன்னு தெரியல! போங்க ஐயா, ஒங்கப்பாரு பாக்காத பொகையா? கைக்குட்ட இருக்கா?”

கார்த்திகேசு வாசலிலிருந்து பின்னால் வந்துவிட்டார். தான் பின்னால் வந்ததை எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

“பாட்டில் இரண்டு இருக்குதுதானே!” என்று கத்தினார். “ரெண்டு பேர் அதை மாட்டிக்கொண்டு போங்கோவன்!”

அப்போதுதான் கேட் பக்கமிருந்து ராஜு வந்தான். சைரன் கேட்டு வந்திருக்கிறான். சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு, ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் ஒன்றுமில்லை. கையில் செல்லாயியின் ஈரத்துணி ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. குழாயைத் திருகத் தெரியாதவன் எங்கே நனைத்தானோ. அதை மூக்கில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், நேராகக் கொட்டகையை நோக்கி நடந்தான்.

சன்னாசி பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தான்.

“விடு மச்சான், தீ...”

“தெரியும்டா மாப்ள. ஒக்காரு.”

கால்வாய் ஓரத்துத் திட்டில் அவனை உட்காரவைத்தான். லாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்தான். ஈரத்துணியைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு, பாட்டிலை அவன் முதுகில் மாட்டி, வாரை இழுத்து, முகமூடியை முகத்தில் பொருத்தி, வால்வைத் திறந்துவிட்டான். ராஜுவின் நெஞ்சு ஏறி இறங்கியது. கண்ணாடிக்குள் அவன் கண்கள் ஆச்சரியமாகச் சன்னாசியைப் பார்த்தன.

“உனக்கென்ன விசரோ?” கார்த்திகேசுவுக்குக் குரல் கிழிந்தது. “வெளியில வேண்டிய காத்து இருக்குது! கம்பெனிக் காத்தை அவனுக்குக் குடுத்து வீணாக்கிறாய்!”

“இது அவன் காத்து,” என்றான் சன்னாசி. “அன்னிக்கு அவனுக்குக் குடுத்திருக்க வேண்டியது. தீர்ற வரைக்கும் குடிப்பான்.”

“உன்ர வேலை போச்சுது, தெரியுமோ!”

பத்துமலை குழாயைக் கீழே வைத்துவிட்டு வந்து ராஜுவின் பக்கத்தில் உட்கார்ந்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். கொட்டகைக்குள் காற்று கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. கார்த்திகேசு அதன் வாசலில் அங்குமிங்கும் நடந்தார், உள்ளே ஒரு அடி வைக்காமல்.

ஈப்போவிலிருந்து வரும் போம்பா, அரசாங்கத் தீயணைப்பு வண்டிகளின் மணி மெயின்ரோட்டில் கேட்ட நேரத்தில், ராஜுவின் முதுகில் பாட்டில் விசிலடித்தது.

குழாய் மறந்தவன், பொத்தான் மறந்தவன், அந்த விசிலை மறக்கவில்லை. சட்டென்று எழுந்தான். விசிலடித்தால் வெளியே போக வேண்டும். கொட்டகைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கேட்டை நோக்கி நடந்தான், முகமூடியோடு, ஒற்றைச் செருப்போடு, விறுவிறுவென்று. பத்துமலை எழுந்து அவன் பின்னால் நடந்தான். பிறகு மற்றவர்கள்.

சன்னாசி லாரிக்குப் போனான். மிச்சமிருந்த ஒரு பாட்டிலைத் தூக்கி வந்து கார்த்திகேசுவின் காலடியில் போட்டான். இரும்பு சிமெண்டில் மோதிய சத்தத்தில் அவர் துள்ளி விலகினார்.

“நெறையாத்தான் இருக்கு ஐயா,” என்றான். “ஒரு ஆளுக்குப் போதும்.”

சொல்லிவிட்டு, விசில் போன வழியில் போனான்.